இறால் வளர்க்கப் புறப்பட்ட இளையவர்களுக்கு

புனேயில் வேலைக்கு வந்து, வாடகை வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து, அதில் செர்ரி இறால் விட ஆசைப்படும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது எந்த நிறம் வாங்கலாம் என்றுதான். நிறத்தைப் பிறகு பார்க்கலாம். உங்கள் குழாயில் எந்தத் தண்ணீர் வருகிறது, கொசுவுக்கு என்ன மாட்டியிருக்கிறீர்கள், குடிநீருக்கு எந்த ஆர்ஓ வைத்திருக்கிறீர்கள்? இந்த மூன்றுக்கும் பதில் சொன்னால், உங்கள் வீட்டில் இறால் பிழைக்குமா என்று ஓரளவு சொல்லிவிடலாம். நான் பார்த்த வரையில் நோய் வந்து செத்த இறால் குறைவு. வீட்டில் வழக்கமாக நடக்கிற காரியங்களால் செத்தவைதான் அதிகம். அதனால் கீழே சொல்வதில் பாதி தொட்டியைப் பற்றியது, மீதி உங்கள் வீட்டைப் பற்றியது.

1. செர்ரி இறாலில் தொடங்குங்கள்.

இதன் அறிவியல் பெயர் நியோகாரிடினா டேவிடி. கிழக்கு ஆசிய ஓடைகளில் பழுப்பும் பச்சையுமாகத் திரியும் சிறிய உயிர். வளர்ந்தாலும் ஓர் அங்குலம்தான். அதில் சிவப்புச் சாயல் கொண்டவற்றைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்துப் பெருக்கியவர்கள் தைவான் வளர்ப்பாளர்கள். கடையில் காணும் மஞ்சள், நீலம், ஆரஞ்சு எல்லாம் இதே இனம்தான். அழகாக இருக்கிறதே என்று எல்லா நிறத்தையும் ஒரே தொட்டியில் விட்டால் அவை தங்களுக்குள் கலந்து, சில தலைமுறையில் பழுப்புக்கே திரும்பிவிடும். ஒரு தொட்டிக்கு ஒரு நிறம் போதும்.

கிரிஸ்டல் ரெட் என்று சிவப்பு வெள்ளைப் பட்டையோடு விற்கும் இறால் ஜப்பானில் உருவானது. அதற்குப் புளிப்பான மென்னீரும் 24 டிகிரியைத் தாண்டாத குளுமையும் வேண்டும். புனே ஏப்ரலில் சில்லர் இல்லாமல் அதைக் காப்பாற்றுவது பெரும்பாடு. ஜப்பானிய நீர்த்தாவரக் கலைஞர் தகாஷி அமானோவின் பெயரால் வழங்கும் அமானோ இறால் பாசி தின்பதில் கெட்டிக்காரன். ஆனால் அதன் குஞ்சுகள் உப்பு கலந்த நீரில்தான் வளரும், வீட்டில் பெருகாது. இரண்டையும் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

2. உங்கள் தண்ணீரின் ஊரைத் தெரிந்துகொள்ளுங்கள்.

புனே மாநகராட்சியின் குழாய் நீருக்கு முதன்மை மூலம் கடக்வாஸ்லா. 1879-இல் முடிந்த அந்த அணைக்கு மேலே பான்ஷேத், வரஸ்காவ், டேம்கர் அணைகள் உள்ளன. பிம்ப்ரி சிஞ்ச்வட் பக்கம் என்றால் பவனா அணை நீர். இரண்டுமே மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்த மழை. பொதுவாக மென்மையானது, டிடிஎஸ், அதாவது நீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவு, குறைவு. தக்காணப் பாறைக்குள் இறக்கிய போர்வெல் நீரோ கடினமானது. ஹிஞ்சவடி, வாகோலி போன்ற பகுதிகளின் புதிய குடியிருப்புகளில் குழாய் நீர், போர் நீர், டேங்கர் லாரி நீர் மூன்றும் ஒரே தரைத் தொட்டியில் கலக்கின்றன. கோடையில் லாரி அதிகம், மழையில் குறைவு. போன வாரம் நீங்கள் ஊற்றிய தண்ணீர்தான் இந்த வாரமும் வருகிறது என்று நம்ப முடியாது.

ஆகவே ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்குங்கள். பேனா அளவுதான் இருக்கும், சில நூறு ரூபாய். ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும் முன்பும் வாளியில் முக்கிப் பாருங்கள். செர்ரி இறாலுக்கு 150 முதல் 250 வரை நல்லது. பிஎச் 6.5-க்கும் 7.8-க்கும் இடையில் இருக்கட்டும். பொதுக் கடினத்தன்மை, அதாவது ஜிஎச், 6 முதல் 8 வரை இருந்தால் ஓடு கட்டக் கால்சியம் கிடைக்கும். டிடிஎஸ் மீட்டர் கரைந்திருப்பவற்றின் மொத்தத்தை மட்டுமே காட்டும். அதில் கால்சியம் எவ்வளவு என்று சொல்லாது. அதற்கு ஜிஎச் சொட்டு மருந்துச் சோதனை தனியே வேண்டும். குறைவாக இருந்தால் இறாலுக்கென விற்கும் தாதுப் பொடியை மாற்றும் நீரில் கரையுங்கள். பறவைக் கூண்டில் மாட்டுகிற கணவாய் ஓட்டில் ஒரு துண்டு போட்டாலும் மெல்லக் கரைந்து உதவும்.

குளோரினை மறக்காதீர்கள். ஜூனில் மழை இறங்கி அணை நீர் கலங்கினால் குளோரினையும் கூட்டுவார்கள். ஆன்டி குளோரின் போடாமல் ஒரு குவளை நீர்கூடத் தொட்டிக்குள் போகக்கூடாது. ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் குளோரமைன் கலந்திருந்தால் அப்படிப் போகாது. மருந்தையே நம்புங்கள்.

3. செம்பு வேண்டவே வேண்டாம்.

நம் வீடுகளில் செம்புக் குடத்து நீருக்கு மரியாதை அதிகம். மராத்தி வீடுகளிலும் அப்படியே. இறாலுக்கு அது விஷம். மனிதருக்குக் கெடுதல் செய்யாத அளவிலேயே கரைந்த செம்பு இறாலின் செவுளைத் தாக்கிக் கொல்லும்.

வீட்டில் அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். குடத்திலும் பித்தளைச் சொம்பிலும் இருக்கிறது. பல கீசர்களின் உள்ளே செம்புச் சுருளும் செம்புக் கலனும் உண்டு. டிசம்பரில் குழாய் நீர் சில்லென்று வருகிறதே என்று கீசர் நீரைக் கொஞ்சம் கலக்கத் தோன்றும், கலக்காதீர்கள். வாளியில் பிடித்த நீரை இரவு முழுதும் அறையில் வைத்தால் காலையில் தொட்டியின் சூட்டுக்கு வந்திருக்கும்.

இப்போது இன்னொன்று புதிதாகச் சேர்ந்திருக்கிறது. உடம்புக்கு நல்லது என்று செம்பு கலந்து தரும் ஆர்ஓ இயந்திரங்கள் வீட்டுக்கு வீடு வந்துவிட்டன. ஆர்ஓ நீர் சுத்தமானது என்று எண்ணி அதைத் தொட்டியில் ஊற்றுகிறார்கள். இறால் ஒவ்வொன்றாகச் சாய்கிறது, காரணம் புரிவதில்லை. உங்கள் இயந்திரத்தின் முகப்பில் செம்பு என்ற சொல் எந்த மொழியில் இருந்தாலும் அந்த நீர் இறாலுக்கு ஆகாது. மீனுக்கு வெண்புள்ளி நோய் வந்தால் ஊற்றும் மருந்துகளிலும் செம்பு சல்பேட் இருப்பதுண்டு. சீசாவைப் படித்துவிட்டுத் திறவுங்கள். இறால் தீவனப் பொட்டலத்தில் துளியளவு செம்பு எழுதியிருந்தால் மட்டும் பயப்பட வேண்டாம். இறாலின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதத்துக்கே செம்பு தேவை. உணவில் வருவது வேறு, நீரில் கரைவது வேறு.

4. கொசு மருந்து அறையும் இறால் அறையும் ஒன்றாக இருக்கக்கூடாது.

கொசுவும் கரப்பானும் இறாலும் கணுக்காலி வகையைச் சேர்ந்தவை. பூச்சியைக் கொல்லும் பைரெத்ராய்டு மருந்து இறாலையும் கொல்லும், அதுவும் மிகச் சிறிய அளவிலேயே. சுவரில் மாட்டும் லிக்விட், சுருள், கரப்பான் ஸ்ப்ரே எல்லாவற்றிலும் இந்த வகை மருந்துதான் பெரும்பாலும். தொட்டிக்கு மூடி போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். உங்கள் ஏர் பம்ப் அறைக் காற்றை இழுத்து நேரே நீருக்குள் குமிழாகத் தள்ளுகிறதே, அதை எப்படி மூடுவீர்கள்?

ஜன்னலுக்குக் கொசுவலை அடியுங்கள். மழைக்காலத்தில் டெங்கு பயத்தில் தெருவில் புகை அடிக்க ஆள் வந்தால், பம்பை அணைத்து, ஜன்னலைச் சாத்தி, தொட்டிமேல் ஈரத்துணி போட்டு மூடுங்கள். புகை கலைந்ததும் பம்பை மீண்டும் போட மறக்க வேண்டாம். தீபாவளிக்கு முன் குடியிருப்புச் சங்கம் மொத்தமாகப் பூச்சி மருந்து அடிக்கும். தேதியை முன்கூட்டியே கேட்டு வைத்து, தொட்டி இருக்கும் அறையில் அடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடமும், கூடத் தங்கியிருக்கும் நண்பனிடமும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு. கைக்குப் பூசிய கொசு க்ரீமோடு தொட்டிக்குள் கை விடுவதும் இதே குற்றம்தான்.

5. தொட்டி பெரிதாக இருக்கட்டும்.

சின்ன உயிருக்குச் சின்னக் கிண்ணம் போதும் என்பது தப்புக் கணக்கு. ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி ஏறக்குறைய 40 லிட்டர் பிடிக்கும். அந்த அளவில் சூடும் உப்பும் மெல்லத்தான் மாறும். நீங்கள் கவனிக்க நேரம் கிடைக்கும். வடிகட்ட ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும், அதைவிடச் சிறந்ததும் இல்லை. அதன் மேல் படியும் நுண்படலத்தை இறால் நாள் முழுதும் மேயும். வேறு மோட்டார் ஃபில்டர் வைத்திருந்தால் உறிஞ்சும் வாயில் ஸ்பாஞ்சு செருகுங்கள், இல்லாவிட்டால் குஞ்செல்லாம் உள்ளே போய்விடும்.

6. ஒரு மாதம் வெறும் தொட்டியைப் பாருங்கள்.

பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். சனிக்கிழமை தொட்டி வாங்கி ஞாயிற்றுக்கிழமை இறால் விடுகிறார்கள். கழிவிலிருந்து அம்மோனியா வரும். அதை ஒரு வகைப் பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் இறாலுக்கு நஞ்சு. அந்தப் பாக்டீரியா ஸ்பாஞ்சிலும் கல்லிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மாஸ் என்ற அடர்ந்த சிறு செடியும் பிற நீர்ச்செடிகளும் வைத்து, விளக்கை ஆறேழு மணி நேரம் எரியவிட்டு, ஒரு சிட்டிகை மீன் தீவனம் அவ்வப்போது போட்டுக் காத்திருங்கள். சோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்ட வேண்டும், கண்ணாடியில் மெல்லிய பச்சை படர வேண்டும். அந்தப் பச்சையைச் சுரண்டாதீர்கள், இறாலின் முதல் சாப்பாடு அது.

7. செடியைக் கழுவுவதில் சோம்பல் கூடாது.

வெளியூரிலிருந்து வரும் நீர்ச்செடிகளில் பூச்சிமருந்து ஒட்டியிருக்கலாம், தும்பியின் இளம்புழுவும் வரலாம். அந்தப் புழு ஒன்று போதும், இறாலை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்ன. புதுச் செடியை ஒரு வாரம் தனி வாளியில், தினமும் நீர் மாற்றி வைத்திருந்துவிட்டு நடுங்கள். ஆய்வகக் குப்பியில் வளர்த்த திசு வளர்ப்புச் செடி கிடைத்தால் இந்தக் கவலை இல்லை.

8. வாங்குவதும் விடுவதும் நிதானமாக.

சென்னைக் கொளத்தூரிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் கூரியரில் வரவழைக்கலாம். ஆனாலும் புனேயிலேயே வீட்டில் வளர்ப்பவரிடம் வாங்குங்கள் என்பேன். உங்கள் ஊர்த் தண்ணீருக்குப் பழகிய இறால் அது. ஏப்ரல், மே மாதத்தில் கூரியர் வேண்டவே வேண்டாம். பெரிதாகப் பார்த்து எடுக்காமல் அரை அங்குலக் குட்டிகளாகப் பத்துப் பதினைந்து எடுங்கள். வளர்ந்தவற்றுக்கு வயது எவ்வளவு போயிற்று என்று தெரியாது, மொத்த ஆயுளே ஒன்றிரண்டு ஆண்டுதான்.

வீட்டுக்கு வந்ததும் பையோடு கவிழ்க்காதீர்கள். இறாலைப் பை நீரோடு ஒரு டப்பாவில் விட்டு, ஏர் டியூபில் ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டி நீர் நொடிக்கு ஒன்றிரண்டு சொட்டாக டப்பாவில் விழும்படி வையுங்கள். டப்பா நீர் மூன்று மடங்கானதும், அதற்கு இரண்டு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும், இறாலை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். பை நீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

9. சட்டை உரிப்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

இறாலின் ஓடு வளராது. உடம்பு வளரும்போது பழையதைக் கழற்றியாக வேண்டும். வளர்ந்த இறால் மூன்று நான்கு வாரத்துக்கொரு முறையும், குட்டி இன்னும் அடிக்கடியும் உரிக்கும். உரிப்பதற்கு முன் மேய்ச்சலை விட்டு ஓரமாக ஒதுங்கும். தலைக்கவசமும் வயிற்றுப் பகுதியும் சேருமிடத்தில் மேல்புறம் பிளக்கும். உடம்பைச் சற்று வளைத்து ஒரே துள்ளலில் வெளியே வந்துவிடும். எல்லாம் சில நொடிதான். மீசையும் கண் உறையும் கால்களும் அப்படியே இருக்க, கண்ணாடிபோல் ஒரு கூடு மாஸின் மேல் கிடக்கும். இறால் செத்துவிட்டது என்று புதியவர்கள் பதறுவது இதைப் பார்த்துத்தான். செத்த இறால் பெரும்பாலும் இளஞ்சிவப்பாக வெளிறியிருக்கும். கூடு நிறமற்று ஒளி ஊடுருவும். கூட்டை எடுக்க வேண்டாம், இறால்களே தின்று கால்சியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

உரித்த இறாலின் ஓடு ஓரிரு நாள் மெத்தென்று இருக்கும், அப்போது அது ஒளிந்து கிடக்கும். தேடிக் கிளறாதீர்கள்.

உரிக்க முடியாமல் சாவதும் உண்டு. தலைக்கும் வயிற்றுக்கும் நடுவே முழுச் சுற்றாக ஒரு வெள்ளை வளையம் தெரிந்தால் அந்த இறால் பிழைப்பது அரிது. கடினத்தன்மை மிகக் குறைந்திருக்கலாம், மிகக் கூடியிருக்கலாம், அல்லது நீங்கள் ஒரேயடியாகப் பாதித் தண்ணீரை மாற்றியிருக்கலாம். திடீரென நீர் மாறினால் உடம்பு தயாராகும் முன்பே உரிக்கத் தொடங்கிவிடும். வாரம் பத்து சதவீதம் மட்டும் மாற்றுங்கள், அதையும் டியூபில் மெல்ல இறக்குங்கள். மீன் வளர்த்துப் பழகிய கைக்கு இது கஷ்டம்தான், பழகிக்கொள்ளுங்கள்.

10. புனே கோடையை மின்விசிறியால் கடக்கலாம்.

செர்ரி இறாலுக்கு 20 முதல் 26 டிகிரி இதம். 30-ஐத் தாண்டினால் ஆபத்து. நீர் சூடாகச் சூடாக ஆக்சிஜனைப் பிடிக்கும் திறன் குறையும்: 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம், 30 டிகிரியில் ஏழரைதான். இறாலின் உடம்போ சூட்டில் அதிக ஆக்சிஜன் கேட்கும். புனேயில் ஏப்ரல் பகல் 38, 40 என்று ஏறி, விடியலில் வெகுவாக இறங்கும். அந்த ஏற்ற இறக்கமும் இறாலுக்குத் துன்பம். தொட்டியை மேற்குச் சுவரிலிருந்தும் ஜன்னலிலிருந்தும் தள்ளி வையுங்கள்.

மேல் மூடியை எடுத்து வலை போட்டு, சிறு மின்விசிறியை நீர்ப்பரப்பின் மேல் வீசவிட்டால் இரண்டு முதல் நான்கு டிகிரி இறங்கும். நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துச் செல்வதால்தான் இது நடக்கிறது. சென்னைக் கோடையின் ஈரக் காற்றில் இந்த வித்தை அவ்வளவு பலிக்காது. புனேயின் வறண்ட ஏப்ரலில் நன்றாகப் பலிக்கும். ஆனால் ஆவியாவது நீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே தங்கும். குறைந்த நீருக்குக் குழாய் நீரையே தினமும் ஊற்றினால் மே மாத முடிவில் டிடிஎஸ் 400-ஐத் தொடும். குறைந்ததை ஈடுகட்டச் செம்பு சேராத ஆர்ஓ நீர் ஊற்றுங்கள். ஐஸ் கட்டி போடுவது மட்டும் கூடாது.

குளிர்காலத்துக்கு ஹீட்டர் அவசியமில்லை. ஜனவரி இரவில் வெளியே பத்து டிகிரிக்குக் கீழே போனாலும் பூட்டிய வீட்டுக்குள் தொட்டி அவ்வளவு குளிராது. முட்டையிடுவது கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

11. குறைவாகப் போடுங்கள்.

வாரம் மூன்று நாள் தீவனம் போதும். போட்டது மூன்று மணி நேரத்தில் தீராவிட்டால் எடுத்துவிடுங்கள். மிச்சம் அழுகினால் அம்மோனியாவும், தட்டைப்புழுவும் வரும். முக்கோணத் தலையோடு கண்ணாடியில் ஊர்ந்தால் அது பிளனேரியா, குஞ்சைத் தின்னும். முதலில் தீவனத்தைக் குறையுங்கள். அதற்கும் போகவில்லை என்றால் நாய்க்குப் புழு நீக்கத் தரும் ஃபென்பென்டசோலைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு மிகச் சிறிய அளவில் போடலாம். இறால் தாங்கும், நத்தைகள் சாகக்கூடும்.

கீரை கொடுப்பதென்றால் வெந்நீரில் வாட்டிக் கொடுங்கள். மகாத்மா புலே மண்டியில் வாங்கிய பாலக்கில் என்ன தெளித்திருப்பார்கள் என்று நமக்குத் தெரியாது. மொட்டை மாடித் தொட்டியில் மருந்தடிக்காமல் வளர்த்த முருங்கை இருந்தால் அதுவே நல்லது. நாட்டு வாதுமையின் பழுத்துக் காய்ந்த இலை ஒன்று தொட்டியில் எப்போதும் கிடக்கட்டும். இறால் அதை நரம்பு மட்டும் மிஞ்சும்வரை அரித்துத் தின்னும்.

12. கூட்டாளி மீன் வேண்டுமா?

வேண்டாம். வாயில் நுழைகிற எதையும் மீன் தின்னும். கப்பியும் டெட்ராவும் பெரிய இறாலை விட்டாலும் குஞ்சை விடாது. பைட்டர், ஏஞ்சல், தங்க மீன் பேச்சையே எடுக்க வேண்டாம். நத்தை இருக்கலாம்.

13. முட்டைத் தாயைத் தனியே பிரிக்காதீர்கள்.

பெண் இறாலின் கழுத்துக்குப் பின்னால் மஞ்சளாகச் சேணம்போல் தெரிவது சினைப்பையில் வளரும் முட்டை. சட்டை உரித்த பின் இணைசேர்ந்து, அந்த முட்டைகளை வயிற்றடிக் கால்களுக்கிடையில் கொண்டுவந்து வைத்துக்கொள்ளும். இருபது, முப்பது இருக்கும். அந்தக் கால்களை ஓயாமல் விசிறி முட்டைக்குக் காற்றோட்டம் தரும். மூன்று நான்கு வாரத்தில் முட்டைக்குள் இரு கரும்புள்ளிகள் தெரியும். அவை குஞ்சின் கண்கள். பிறகு இரண்டு மில்லிமீட்டரில், தாயின் உருவத்திலேயே குஞ்சு வெளிவரும். தாயை வலையில் அள்ளிப் பிரித்தால் அதிர்ச்சியில் முட்டைகளை உதிர்த்துவிடும். மாஸ் அடர்த்தியாக இருந்தால் குஞ்சு தானே பிழைத்துக்கொள்ளும்.

14. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது.

ஆறு மாதம் பழுத்த தொட்டியில் இறால் இரண்டு வாரம் தீவனமின்றித் தாங்கும், பாசியும் நுண்படலமும் போதும். பக்கத்து வீட்டாரிடம் தீவன டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள், அன்பு மிகுந்து அள்ளிப் போட்டுவிடுவார்கள். விளக்குக்கு டைமர் போடுங்கள், மின்சாரம் போனால் தானே ஓடும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று இணைத்துவிட்டுப் போங்கள்.

15. மிஞ்சியதை ஆற்றில் விடாதீர்கள்.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து இறால் ஓராண்டில் நூறைத் தாண்டும். அப்போது முத்தா ஆற்றிலோ பாஷாண் ஏரியிலோ கொண்டுபோய் விட்டால் புண்ணியம் என்று தோன்றும். செர்ரி இறால் ஜெர்மனியில் அனல் மின் நிலையத்தின் சுடுநீர் கலக்கும் ஓடை ஒன்றில் இப்படி விடப்பட்டு, அங்கேயே நிலைத்துப் பெருகியிருக்கிறது. தொட்டி சுத்தம் செய்ய வாங்கி, பெரிதானதும் ஏரியில் விடப்பட்ட சக்கர் மீன் இன்று இந்திய மீனவர்களின் வலைகளைக் கிழிக்கிறது. நம் மலைத்தொடரின் ஓடைகளிலும் நன்னீர் இறால் இனங்கள் உண்டு. காரிடினா பாபால்டி என்ற இந்திய இறாலை 1918-இலேயே ஒரு பிரெஞ்சு அறிஞர் விவரித்து எழுதினார். இன்று அதை வெளிநாட்டுக்காரர்கள் விரும்பி வளர்க்கிறார்கள். அத்தகைய இனங்களின் இடத்தில் தைவான் நிறத்து இறாலும் அதன் நோயும் போய் உட்காரக் கூடாது.

மிஞ்சிய இறாலைப் புதிதாகத் தொட்டி வைப்பவருக்குக் கொடுங்கள். தண்ணீர் மாற்றிய வாளியையும் செடிக்கு ஊற்றுங்கள், ஓடையில் கொட்ட வேண்டாம்.